பதினேழாவது வெடிப்பு

விழுப்புரம்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்ஸானா,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய். மெயிலுக்கும் பதில் இல்லை. நீ திண்டிவனத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கும் பள்ளியின் முகவரியைக் கோட்டக்குப்பத்துக்குப் போன் போட்டு உன் அம்மாவிடம்தான் வாங்கினேன். ஆயிஷா அம்மா என் குரலைக் கேட்டதுமே, "பிரியாவா? நல்லா இருக்கியாம்மா? ஏன் இந்தப் பக்கமே வர்றதில்ல?" என்று கேட்டார்கள். நம் சண்டையைப் பற்றி நீ வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்று புரிந்தது. அதற்கு நன்றி.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஆய்வேட்டைப் போன வருஷம் கொடுத்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் வெங்கடாசலம் சாரிடம் ஒரே நாளில் சேர்ந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்து பதினோரு வருஷம். தேர்வாளர்கள் இரண்டு பேருடைய அறிக்கையும் வந்துவிட்டது, இரண்டு பேருமே பாஸ் போட்டிருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுத் தேர்வாளர் ஒரு கேள்வியை எழுதி, வாய்மொழித் தேர்வில் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கீழே கோடு போட்டிருக்கிறார். "பதினேழாவது வெடிப்பில் நொடிக்கு 413 தடவை துடிப்பு தெரிந்தது என்கிறீர்கள். அது கிடைக்கும்வரை மொத்தம் எத்தனை காலத் துண்டுகளில் தேடினீர்கள்?" இவ்வளவுதான் கேள்வி.

நான் பதினொன்று என்று எழுதியிருக்கிறேன். வெடிப்பு பதினோரு நொடி, நொடிக்கு ஒரு துண்டு. அன்றைக்கு நீ கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் தேடியது நீ. கணினியில் நீ ஓட்டிப் பார்த்த அந்த ஓட்டங்களின் குறிப்பெல்லாம் உன் பச்சை அட்டை நோட்டில் இருக்கிறது. நோட்டை அனுப்ப மனமில்லை என்றால் அந்தப் பக்கங்களின் நகலையாவது அனுப்ப முடியுமா?

போன வாரம் மேல்மலையனூர் பக்கம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டே முதல் முறையாகக் கேட்டார், "அப்படி இன்னாம்மா இத்தினி வருசமா படிக்கிற?" என்று. நானும் சொன்னேன்.

"ரெண்டு நட்சத்திரம் ஒண்ண ஒண்ணு சுத்திக்கினு இருக்குதுப்பா. அதுல ஒண்ணு செத்துப்போனது. பாக்க சின்னது, ஆனா பயங்கர கனம். நியூட்ரான் நட்சத்திரம்னு பேரு. பக்கத்துல இருக்கிறதோட சரக்க இழுத்து இழுத்து தன் மேல போட்டுக்கினே இருக்கும். சேர்ந்து சேர்ந்து ஒரு நேரம் குப்புனு வெடிக்கும். பத்து செகண்டு, பாஞ்சு செகண்டு, அவ்ளோதான். கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேல தெரியும். வெடிச்ச எடம் ஒரு பக்கமா இருந்துச்சுன்னா, அது சுத்தச் சுத்த அந்த எடம் நம்ம பக்கம் வந்து வந்து போகும். அத எண்ணினா, செகண்டுக்கு எத்தினி தடவ சுத்துதுன்னு தெரிஞ்சிடும்."

"எத்தினி தடவ சுத்துது?"

"நானூத்திப் பதிமூணு."

"கரெக்டா எண்ணுனியா?" என்றார். எண்ணியது அப்ஸானா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வு ஏப்ரல் 24. ஜூனுக்குள் முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முப்பத்தாறு நடக்கிறது. தயவு செய்து பதில் போடு.

பிரியா


திண்டிவனம்
15 பிப்ரவரி 2025

கலைப்பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் பியூன் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னா டீச்சர், லவ் லெட்டரா?" என்று கணக்கு எடுக்கும் அம்சவள்ளி சிரித்தாள். "இல்ல, சம்மன்" என்றேன்.

நோட்டைத் தர மாட்டேன்.

கட்டுரை வெளியான அன்றே எடுத்துப் படித்தேன். ஆசிரியர்கள் இரண்டு பேர், நீயும் சாரும். கடைசிப் பக்கத்தில் நன்றியுரை. கணினி அறையைப் பார்த்துக்கொண்டதற்காகப் பெரியதம்பி அண்ணனுக்கு நன்றி, "பயனுள்ள உரையாடல்களுக்காக" அப்ஸானாவுக்கு நன்றி. ஏழு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டதற்குப் பெயர் பயனுள்ள உரையாடல் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பரவாயில்லை, எலுமிச்சை சாதத்தையும் சேர்த்திருக்கலாம்.

இருபத்திரண்டு வெடிப்புகளையும் நாம் பங்கு பிரித்துக்கொண்டோம். ஒற்றைப்படை உனக்கு, இரட்டைப்படை எனக்கு. பதினேழு உன் பங்கு. 2021 தை அமாவாசைக்கு அங்காளம்மனைப் பார்க்கப் போகிறேன் என்று நீ ஊருக்குப் போனாய். மூன்று நாள். அந்த மூன்று நாளும் உன் பங்கை நான் பார்த்தேன். நீ வந்ததும் தாளை உன் கையில் கொடுத்தேன். அடுத்த வாரம், உதவித்தொகை நீட்டிப்பு ஒருவருக்குத்தான் என்று கமிட்டி சொன்னது. ஆய்வு முடிவு யார் கையில் இருந்ததோ அவருக்குக் கிடைத்தது. நான் பெட்டியைக் கட்டினேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட நீ வரவில்லை.

பதினொன்று என்றுதானே எழுதியிருக்கிறாய்? பதினொன்று என்றே சொல்லிவிடு. இனி எழுத வேண்டாம்.

அப்ஸானா


விழுப்புரம்
1 மார்ச் 2025

அப்ஸு,

எழுத வேண்டாம் என்றால் நான் கேட்டுவிடுவேனா? என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா?

நீ சொன்னது அத்தனையும் சரி. சார் வரைவை அனுப்பியபோது அதில் உன் பெயர் இல்லை. ஏன் சார் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போயிடுச்சும்மா, நீ உன் வேலையப் பாரு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சார் என்னைக் கடித்தா தின்றிருப்பார்? பயந்தேன், அவ்வளவுதான். நீட்டிப்பைத் திரும்பப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். இப்போதும் அந்தக் கட்டுரையைத் திறந்தால் முதல் வரியைத் தாண்டித்தான் படிக்கிறேன். அந்த இரண்டு பெயரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை என்று சொல்லாதே. நீ போகிறாய் என்றே எனக்குத் தெரியாது! மெஸ்ஸில் உனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொங்கல் ஆறிப் போயிற்று. வாட்ச்மேன் சவுரிராயன்தான் வந்து, "உங்க ஃபிரெண்டு காலையிலயே பெட்டியோட போயிடுச்சே, உங்ககிட்ட சொல்லல?" என்றார். எல்லார் முன்னாலும். நான் உன்னை என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்து அந்த வருஷமே போயிற்று.

நோட்டு எதற்கு என்று நீ நினைக்கலாம். இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். போன வருஷம் அந்த நட்சத்திரத்தின் புதிய தரவு பொதுவில் வெளியானது. ஒன்பது வெடிப்புகள். ஒன்பதிலும் 413ஐத் தேடினேன். ஒன்றில்கூட இல்லை. துடிப்பு சில வெடிப்புகளில் தெரியும், சிலவற்றில் தெரியாது, அது ஊர் அறிந்த விஷயம். ஐந்தாம் அத்தியாயத்தில் அதைத்தான் காரணமாக எழுதினேன். சாரும் சரி என்றார். ஆனால் ஒன்பதிலும் இல்லை, அப்ஸு. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே இருக்கும்போது திடீரென்று அது ஞாபகம் வருகிறது. அடுத்த வரி என்ன என்று மறந்து நிற்கிறேன், பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நோட்டுகூட வேண்டாம். ஒரே ஒரு வரி எழுது. பதினொன்றுதானே?

பிரியா


திண்டிவனம்
12 மார்ச் 2025

பிரியா,

நோன்பு வைத்துக்கொண்டு பொய் எழுத வரவில்லை. இரண்டு தடவை "ஆமாம், பதினொன்று" என்று எழுதிக் கிழித்துப் போட்டேன். போனில் சொல்லலாம்தான். உன் குரலைக் கேட்டால் சொல்ல முடியாது. மெயிலில் எழுதத் தைரியம் இல்லை, அது எங்கேயாவது கிடந்துகொண்டே இருக்கும்.

பதினொன்று இல்லை.

நீ ஊருக்குப் போன முதல் நாள், நொடிக்கு ஒரு துண்டாக ஓட்டினேன். ஒன்றும் இல்லை. வரைபடத்தில் 413க்கு நேராகச் சின்னதாக ஒரு மேடு, இரைச்சலில் எங்கே பார்த்தாலும் இருக்குமே, அந்த மாதிரி. துண்டின் தொடக்கத்தை அரைக்கால் நொடி நகர்த்தினேன். மேடு கொஞ்சம் உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். துண்டின் நீளத்தை மாற்றினேன். ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே ஃபோட்டான்களை விட்டுப் பார்த்தேன், சேர்த்துப் பார்த்தேன், ஆற்றல் கூடினதை விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோட்டில் ஒரு வரி எழுதினேன், அதில் மட்டும் ஒழுங்காக இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் மேடு கோபுரமாக நின்றது. அந்தக் கடைசி ஓட்டத்தில் இருந்த பதினோரு துண்டுகளை மட்டும் தாளில் எழுதி உன் கையில் கொடுத்தேன்.

நோட்டில் முந்நூற்று ஐம்பது வரிகள் இருக்கின்றன. நேற்று திரும்பவும் எண்ணினேன். வெறும் இரைச்சலிலிருந்து இப்படி ஒன்று வர ஐந்நூறில் ஒரு வாய்ப்புத்தான் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறாய். ஒன்றோடொன்று ஒட்டிய ஓட்டங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டாலும் நாலில் ஒன்று வருகிறது. தெருவில் இருக்கும் கதவையெல்லாம் தட்டிக்கொண்டே போனால் ஏதோ ஒரு கதவு திறக்கத்தான் செய்யும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன், வெட்கமே இல்லாமல். அங்கே ஒன்றும் இல்லை, பிரியா. அந்த நட்சத்திரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று நமக்குத் தெரியாது.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். கமிட்டி கூடப் போகிறது, ஒருவருக்குத்தான் நீட்டிப்பு என்று பெரியதம்பி அண்ணன் எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இல்லை என்றால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள். நீ அப்போது சரியாகச் சாப்பிடவே இல்லை. ஊருக்குத் திரும்பினால் மாமா மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று அழுதுகொண்டே இருந்தாய். என் வீட்டில் அந்த அவசரம் இல்லை, அத்தா மஸ்கட்டில் இருந்தார். ஒருத்தியாவது நிற்கட்டும் என்று நினைத்தேன். ஏமாற்ற வேண்டும் என்று உட்காரவில்லை. இருக்கணும், இருக்கணும் என்று தேடினேன். மூன்றாம் நாள் இருந்தது. நீ அதைப் பார்த்துக் குதித்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. என் பெயரை எடுக்கச் சொன்னது நான்தான். சார் உனக்கு முன்னால் எனக்கு வரைவை அனுப்பினார், அதில் என் பெயர் இருந்தது. என் பெயர் வேண்டாம் என்று பதில் போட்டேன். போன கடிதத்தில் அந்தப் பழியை உன்மேல் போட்டேன். நீ குற்ற உணர்ச்சியில் வாயை மூடிக்கொள்வாய், நோட்டைக் கேட்க மாட்டாய் என்று நினைத்தேன். உன் நம்பரை பிளாக் செய்ததும் கோபத்தினால் இல்லை. என்றைக்காவது நீ இதைக் கேட்பாய் என்ற பயம்.

அப்ஸானா


விழுப்புரம்
22 மார்ச் 2025

அப்ஸானா,

ஒரு வாரமாகக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நானும் கணக்குப் போட்டேன். நாலில் ஒன்று. சரிதான்.

உன்னை அடிக்க வேண்டும்போல் இருக்கிறது. எனக்கு வாழ்க்கை கொடுக்க நீ யாரடி? என்னிடம் கேட்டாயா? ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போயிருப்போம். மாமா மகனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? கேட்காமல் ஒரு பொய்யைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டு, விட்டுக்கொடுத்தவள் நான் என்று நாலு வருஷம் திண்டிவனத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் இங்கே அந்தப் பொய்யின் மேல் ஐந்து அத்தியாயம் எழுதினேன். ஏழு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் நம்முடைய 413ஐ எடுத்துக்கொண்டு, பக்கத்து நட்சத்திரத்திலிருந்து விழும் சரக்கு இதை எத்தனை கோடி வருஷமாகச் சுழற்றி வேகப்படுத்தியது என்று ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். பாவம், எவ்வளவு உழைப்பு.

ஆனால் உன்னை மட்டும் திட்டவும் முடியவில்லை. ஒன்பது வெடிப்பிலும் இல்லை என்ற அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஐந்தாம் அத்தியாயத்தை எழுதினேன். உன்னிடம் நோட்டைக் கேட்டதுகூட, உண்மை வேண்டும் என்றா, பதினொன்று என்று நீ சொல்லிவிட வேண்டும் என்றா, எனக்கே தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் ஆய்வேடு திரும்பிவிடும். புதிதாக எழுத இரண்டு வருஷமாவது ஆகும். வேலை ஜூனோடு போய்விடும். ஊரில் அப்பா வேன் பேசிவிட்டார், பன்னிரண்டு பேர் வருகிறார்கள். "நம்ம வீட்டுல மொத டாக்டரு" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

சொல்லத்தான் போகிறேன். ஆனால் என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். பொது வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். முடிவில், பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்பார்கள். யாரும் கேட்பதில்லை, மிக்ஸர் பொட்டலம் பிரிக்கிற சத்தம்தான் கேட்கும். நீ வா. நான் பதினொன்று என்று சொல்லிவிட்டால் எழுந்து நின்று கேள். மற்ற முந்நூற்று நாற்பத்தொன்பது ஓட்டங்கள் எங்கே என்று கேள். உன் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியாது. எனக்கு நீ செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

பிரியா


திண்டிவனம்
3 ஏப்ரல் 2025

பிரியா,

பெருநாள் முடிந்து நேற்றுத்தான் கோட்டக்குப்பத்திலிருந்து வந்தேன். நீ திட்டினது எல்லாம் சரி. இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

24ஆம் தேதிக்கு லீவு சொல்லிவிட்டேன். நோட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ சொல்லாவிட்டால் நான் கேட்கிறேன். சத்தியமாகக் கேட்கிறேன்.

அப்ஸானா


விழுப்புரம்
27 ஏப்ரல் 2025

அப்ஸானா,

எனக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்துவிட்டார்கள். இனி பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாமாம்.

உள்நாட்டுத் தேர்வாளர் அந்தக் கேள்வியை வாசித்தபோது நான் முந்நூற்று ஐம்பது ஓட்டம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பதினொன்று, சார்" என்று வந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காகிதத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அப்புறம் வெங்கடாசலம் சார் எழுந்து, பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். கடைசி வரிசையில் எங்க அப்பாவுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். மடியில் பச்சை நோட்டு. நான் உன்னைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. சார் இரண்டாம் தடவை கேட்டார். எழுந்திரு, எழுந்திரு என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். நீ பாதி எழுந்தாய். எனக்கு உயிர் வந்தது. அப்பா உன் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார், நீ ஏதோ சொன்னாய், உட்கார்ந்துவிட்டாய். எல்லாரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய்.

சத்தியம் செய்தாயே. ஏன் கேட்கவில்லை?

பிரியா


திண்டிவனம்
8 மே 2025

பிரியா,

உங்க அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க இங்கிலீஷுல பேசறது ஒண்ணும் வெளங்கலம்மா. நீதான் அதுங்கூட படிச்ச பொண்ணு. அந்தாளு ஏதோ கேட்டாரே, நம்ம பொண்ணு சரியா சொல்லிச்சா?"

"சரியாத்தாம்ப்பா சொன்னா" என்றேன்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் உனக்குச் செய்த அதே காரியத்தை அவருக்கும் செய்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை போலிருக்கிறது.

மாட்டிக்கொள்வோம் என்று நீ பயந்துகொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு வாரமாக இதைத்தான் யோசிக்கிறேன். நாளைக்கே யாராவது அந்த நட்சத்திரத்தை மறுபடி பார்க்கட்டும், இன்னும் நூறு வெடிப்பைப் பார்க்கட்டும். 413 இருக்காது. இந்த முறை துடிப்பு தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், நீ எழுதினாயே அதைப் போல. அன்றைக்குப் பதினேழாவது வெடிப்பிலும் அது இல்லை என்று இனிமேல் யாராலும் நிரூபிக்க முடியாது. நியூட்ரான் நட்சத்திரங்களின் பட்டியலில் அதற்கு நேராக 413 என்று இருந்துகொண்டே இருக்கும், நம் இரண்டு பேருக்கும் பிறகும்.

யாரும் நம்மைத் தேடி வரப்போவதில்லை, பிரியா. கேட்க இருந்தது நான் ஒருத்திதான். நான் கைதட்டிவிட்டேன்.

அப்ஸானா